பதினெட்டு முடிந்த பிள்ளை

பெப்ரவரி 2

லண்டனில் இருக்கும் சட்டத்தரணி கேட்டதால் அந்த விசா மறுப்புக் கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். மேன்முறையீட்டுக்காக ஒவ்வொரு பந்திக்கும் என் பதிலைச் சொல்ல வேண்டுமாம். பதினான்காம் பந்தி வரும் வரைக்கும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அது சொல்கிறது: 'தனியாக வசிப்பதில் தனக்குக் குறை எதுவும் இல்லை என்று விண்ணப்பதாரியே நேர்முகத்தில் கூறியுள்ளார்.'

கூறினேன்தான். வேறு என்ன கூறுவதாம்? கொழும்பில் ஒரு குளிர் அறை, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். தனியாக இருப்பது கஷ்டமா என்று கேட்டார். எங்கள் ஊரில் மூன்று நேரமும் அடுப்பு மூட்டாத வீட்டில்கூட, வாசல் படலையில் வந்து கேட்பவரிடம் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வோம். பிறத்தி ஆளிடம் போய் வீட்டுக் குறையைக் கொட்டுகிறவளைப் பற்றிச் சாவகச்சேரியில் என்ன பேசுவார்கள் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? "ஒரு குறையும் இல்லை, நல்லா இருக்கிறன்" என்றேன். மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தேன். மனிதர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

யாரும் பிறகு திரிக்காமல் இருக்க விஷயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். நான் ஏழாம் ஆண்டு படிக்கும்போது அப்பா லண்டன் போனார். அவருக்கு அங்கே அகதி அனுமதி கிடைத்து, எங்களைக் கூப்பிடும் நேரம் வந்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அம்மாவுக்கும் தம்பி கீர்த்தனனுக்கும் விசா வந்தது. எனக்கு இல்லை. பதினெட்டு முடிந்த பிள்ளை குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்பது அந்த நாட்டுக் கணக்கு. எங்கள் கணக்கில் கலியாணம் கட்டும் வரைக்கும் பெற்றோர் வீட்டுப் பிள்ளைதான், கட்டிய பிறகும் பாதி அப்படித்தான். "ஆறு மாசத்தில உன்னையும் எடுப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா ஒரு வருடம் என்னோடு இருந்தார், பிறகு அவரும் பிரான்சுக்கு மகளிடம் போய்விட்டார். எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. நான் போய் என் அம்மாவோடு இருக்க வேண்டும். வழக்கு அவ்வளவுதான்.

பெப்ரவரி 3

பவளம் அன்ரி இன்று ஸ்கூட்டியை வேலிக்குள் விட்டார். அடி இல்லை, வேலிக்குத்தான் சேதம்.

நான் சாரதிப் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்குகிறேன். அன்ரி என் மாணவிகளில் மூத்தவர், ஐம்பத்திரண்டு வயது. மூன்று பிள்ளைகளும் கனடா. "ஓட்டோவில போங்கோ அம்மா, காசு அனுப்புறம்" என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து எப்படியும் லைசன்ஸ் எடுப்பது என்று நிற்கிறார். எட்டுப் போடச் சொன்னால் அவருடைய எட்டு கச்சாய் வீதி வரைக்கும் போகிறது.

"பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் ஏன் அன்ரி கண்ணை மூடுறியள்?"

"பயத்தில பிள்ளை. விழுறதைப் பாக்க ஏலாது."

"பாத்தால் விழ மாட்டியள்."

பின்னேரம் பிட்டு அவித்தேன். வழக்கம்போல மா கூடிவிட்டது. நான்கு பேருக்குக் காணும். மிச்சத்தை ஒழுங்கையில் திரியும் நாய்களுக்குப் போட்டேன், அவை இப்போது என் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே ஓடி வருகின்றன.

பெப்ரவரி 9

சட்டத்தரணி ஞானேந்திரன் போன் எடுத்தார். நல்ல மனிதர். ஊர்க்காரர், நீர்வேலிப் பக்கம். அதனால்தான் சண்டை பிடிக்க முடிகிறது.

"தங்கச்சி, நீர் வேலை செய்யிறீர். வீடு இருக்கு. மோட்டார் சைக்கிள் ஓடுறீர். பிறகு எப்பிடி நீர் பெற்றோரில தங்கி இருக்கிறீர் எண்டு நான் வாதாடுறது?"

"வேலை செய்தால் அம்மா தேவையில்லை எண்டு ஆகிடுமே?"

"வளந்த பிள்ளையெண்டால் சாதாரண பாசம் அவைக்குக் காணாது. அதுக்கு மேல ஒண்டு காட்ட வேணும். ஒரு டொக்டரிட்டப் போம். மனநிலை சரியில்லை, தனிய விட ஏலாது எண்டு ஒரு கடிதம் எடும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"எனக்கு மனநிலை நல்லாத்தான் இருக்கு ஐயா."

"எல்லாரும் எடுக்கிறவை."

"எடுக்கட்டும். நான் எடுக்க மாட்டன்."

அவர் பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. எனக்கு விளங்குகிறது, அவருக்கு வழக்கு வெல்ல வேண்டும். எனக்கும்தான். ஆனால் தெருவில் பெண்களை வண்டியில் ஏற்றி, பயப்படாதே, ரோட்டைப் பார் என்று நாள் முழுக்கக் கத்துகிற நான், எனக்குப் புத்தி சரியில்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் மறுப்பு, பொய் சொன்னால் விசா என்றால் அது என்ன சட்டம்? நான் நோயாளி இல்லை. நான் மகள்.

பெப்ரவரி 10

கிணற்று மோட்டர் நின்றுவிட்டது. நானே கழற்றிப் பூட்டினேன். இதை வழக்கில் யாரும் எனக்கெதிராகக் காட்டக் கூடாது.

பெப்ரவரி 20

அம்மாவோடு வீடியோவில் கதைத்தேன். கதைக்கும் முன் முகம் கழுவிப் பவுடர் போட்டு, யன்னலுக்கு நேரே வெளிச்சத்தில் இருந்தேன். அம்மாவும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தால் யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பார்கள்.

"எப்பிடி அம்மா இருக்கிறியள்?"

"எனக்கென்ன குறை. நீ சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா, நல்லா."

"மெலிஞ்சு தெரியிறாய்."

"கமராவில அப்பிடித்தான்."

வீட்டுக்குள்ளேயே பெரிய குளிர்ச் சட்டையோடு இருந்தார். ஏன் என்று கேட்டேன். கடைக்குப் போக வெளிக்கிட்டவராம். பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தோம், கடைக்குப் போகும் அவசரம் எதுவும் தெரியவில்லை. மல்லிகை பூக்கிறதா, பின்வளவு மாமரம் எப்படி, யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது. எங்களைப் பற்றி மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை.

மார்ச் 1

இதைக் காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். உடம்பு கொஞ்சம் சூடு. மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை.

பவளம் அன்ரி பழக வந்து பள்ளியில் என்னைக் காணாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டோவில் இல்லை, தானே ஓட்டிக்கொண்டு, லைசன்ஸ் இல்லாமல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கொதி கொதிக்குது. ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்ல. என்னத்துக்கு?"

"அம்மாவுக்கு?"

"அவ அங்க இருந்து என்ன செய்யிறது அன்ரி? சும்மா யோசிச்சுக்கொண்டு இருப்பா."

மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தார். றேடியோ ஏன் இவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று கேட்டார். செய்திக்காக என்றேன். ஓடிக்கொண்டிருந்தது எனக்கு விளங்காத சிங்கள அலைவரிசை. அன்ரி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் மறுபடி கூட்டினேன்.

மார்ச் 8

அப்பா எடுத்தார். வழக்கமாக அம்மாவின் போனில் பின்னால் நின்று "சுகமோ பிள்ளை" என்பதோடு சரி. இன்று தனியாக எடுத்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஒரு சம்பந்தம் வந்திருக்குப் பிள்ளை. இஞ்ச ஹரோவில சொந்தக் கடை. நல்ல ஆக்கள். வயசு கொஞ்சம் கூட, முப்பத்தெட்டு."

"கொஞ்சம்தான் அப்பா. நான் பிறக்கேக்க அவர் பதினஞ்சு வயசுப் பெடியன்."

"பகிடி விடாத. வழக்கு வெல்லுமோ தெரியாது. மாப்பிள்ளை வழியா வந்தால் கெதியில வந்திடலாம். லோயரும் அப்பிடித்தான் சொல்லுறார்."

படமும் அனுப்பினார். மாப்பிள்ளை ஒரு காருக்கு முன்னால் நிற்கிறார். கார் நல்ல கார்தான். அந்த மனிதரில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவருக்கு என் முகமே தெரியாது. கோபம் இந்த வழியின் மேல். நான் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்த அம்மாவிடம் போக, ஒரு அந்நிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வழக்கு முடியட்டும் அப்பா என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 15

என் வாக்குமூலத்தை எழுதி அனுப்பினேன். முழுக்க நானே தமிழில் எழுதினேன், அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். முக்கியமான பகுதி இது:

'எனக்குச் சமைக்கத் தெரியும். உழைக்கத் தெரியும். கிணற்று மோட்டர் திருத்தத் தெரியும். இவற்றை எனக்குப் பழக்கியவர் என் அம்மா. பிள்ளையை நன்றாக வளர்த்ததற்காக அவரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது சரியா? என்னால் தனியாக வாழ முடியும் என்பது உண்மை. முடியும் என்பதால் நான் தனியாகத்தான் வாழ வேண்டும் என்று யார் தீர்மானித்தது? நேர்முகத்தில் குறை இல்லை என்று சொன்னேன். எங்கள் ஊரில் அது ஒரு வணக்கம் போல. அதைச் சாட்சியமாக எடுத்தது என் பிழை அல்ல.'

ஞானேந்திரன் ஐயா வாசித்துவிட்டு எடுத்தார். "கடைசி வரியையாவது வெட்டுவமே தங்கச்சி?"

"வெட்டக் கூடாது."

"நீதிபதிக்குக் கோபம் வந்தால்?"

"எனக்கு வந்தபடியாத்தானே எழுதினனான்."

மார்ச் 27

கீர்த்தனன் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தான். என்னோடு எப்போதும் பகிடியாகத்தான் கதைப்பான். இன்று சத்தம் வேறாக இருந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லுவன். அம்மாட்டக் கேக்கக் கூடாது."

அம்மா ஒரு வருடமாகத் தனியாக வெளியே போவதில்லையாம். போன வருட மாரிக் குளிரில் ஒரு நாள் பஸ் மாறி ஏறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல், கேட்க மொழியும் இல்லாமல், அந்த பஸ்ஸிலேயே சுற்றிச் சுற்றி இருந்தாராம். கடைசியில் பொலிஸ்தான் கூட்டிவந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் குளிர்ச் சட்டையைப் போட்டு வெளிக்கிடுவாராம். குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பாராம். அப்பா இரவு வேலை, பகலில் நித்திரை. தம்பி பின்னேரம் வரும்போதும் அம்மா அதே சட்டையோடு அதே கதிரையில் இருப்பாராம்.

"டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

"போனம். அந்தாள் என்ன கஷ்டம் எண்டு கேக்க, ஒண்டும் இல்லை, நல்லா இருக்கிறன் எண்டிட்டா. சமைச்சால் உனக்கும் சேத்துத்தான் சமைக்கிறா அக்கா. நான்தான் ரெண்டு பங்கு சாப்பிடுறன்."

எழுந்து போய் றேடியோவை நிறுத்தினேன். பிறகு, இதை லோயரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னானாம். இது வழக்குக்கு உதவும், மகள் தேவை என்பதை அம்மாவே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்றாராம். அம்மாவைச் சம்மதிக்கவைப்பது உன் பொறுப்பு என்று சொல்லித் தம்பி போனை வைத்தான்.

ஏப்ரல் 2

அம்மாவிடம் கதைத்தேன். தம்பி சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா, கோட்டில கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. நான் இல்லாதது கஷ்டம் எண்டு சொல்லுங்கோ."

"நாலு பேருக்கு முன்னால அதை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? உன்ர அப்பா ராவும் பகலும் உழைக்கிறார். அவர் என்னை வச்சுப் பாக்கேல்லை எண்டு நினைக்க மாட்டினமே?"

"நினைச்சால் நினைக்கட்டும்."

"சரி சரி, பாப்பம்."

இந்த 'பாப்பம்' எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சைக்கிள் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 9

இன்று விசாரணை. எனக்கு அங்கே இடமில்லை, அம்மாவும் தம்பியும் சாட்சி. நான் வீட்டில் இருந்தால் சுவரைப் பிறாண்டுவேன் என்று மூன்று வகுப்புகள் எடுத்தேன். பவளம் அன்ரி முதல் முறையாக எட்டை எட்டாகப் போட்டார். நான் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மறுபடியும் போட்டுக் காட்டினார்.

பின்னேரம் தம்பி எடுத்தான். முதலில் அவன் சாட்சி சொன்னானாம். பஸ், பொலிஸ், கதிரை, எல்லாம். நீதிபதி பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்து அம்மா. அரசாங்கப் பக்கத்து ஆள், மகன் சொன்னது உண்மையா, உங்களுக்கு இங்கே கஷ்டமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். அம்மா எழுந்து நின்று கும்பிட்டாராம்.

"தம்பி சின்னப் பிள்ளை, பயத்தில சொல்லுறான் ஐயா. எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கட நாட்டில நல்லா வச்சிருக்கிறியள்."

ஞானேந்திரன் ஐயா தலையில் கை வைத்துவிட்டாராம். தம்பி இதைச் சொல்லும்போது அழுதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. நான் யாருடைய மகள் என்பதற்கு இதைவிட அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? சிரித்து முடிந்த பிறகு படுத்துவிட்டேன். பிட்டு அவிக்கவில்லை.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பவளம் அன்ரி கைவிசேசக் காசு தந்தார். அம்மா போனில் வாழ்த்தினார். வழக்கைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

மே 6

தீர்ப்பு வந்தது. தள்ளுபடி.

என்னைப் பற்றி மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார் நீதிபதி. 'ஆற்றலும் துணிவும் கொண்ட, சொந்தக் காலில் நிற்கும் இளம்பெண்.' தாயின் நிலை பற்றி மகன் சொன்னதைத் தாயே மறுத்துவிட்டார், வைத்தியப் பதிவும் இல்லை, ஆகவே ஏற்க முடியாது. குடும்பத்தினர் விடுமுறையில் சந்தித்துக்கொள்ளலாம். இவ்வளவு பாராட்டை எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை. பாராட்டிக் கதவைச் சாத்துவதற்கும் ஒரு படிப்பு இருக்கும்போல. நான் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டு வளவு முழுக்கக் கூட்டினேன், முன்பக்கம், பின்பக்கம், கிணற்றடி, பக்கத்து வீட்டு வாசலும் சேர்த்து. கை வலித்தது. நான் அழுதேன். எழுதிவிட்டேன், எழுதியதை வெட்டப் போவதில்லை.

மே 8

மத்தியானம் லண்டனிலிருந்து எல்லோருமாக எடுத்தார்கள். போன் மேசையில் நின்றது, மூன்று பேரின் முகமும் தெரிந்தது. அப்பாதான் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருகிறார்களாம்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை. எப்பிடி வந்தால் என்ன, வந்து சேந்தால் சரிதானே."

"சரியில்லை அப்பா."

"அவையில என்ன பிழை கண்டனி?"

"அவையில ஒரு பிழையும் இல்லை. முகம் தெரியாத ஒருத்தருக்குப் பொஞ்சாதி எண்டால் விசா தருவினம். பெத்தவளுக்கு மகள் எண்டால் தர மாட்டினம். அந்தக் கணக்குக்கு நான் தலையாட்டினால் அது சரி எண்டு நானும் சொன்ன மாதிரி. எனக்குக் கலியாணம் கட்ட விருப்பம் வந்தால் கட்டுறன், அது வேற கதை. உங்களிட்ட வாறதெண்டால் மகளாத்தான் வருவன்."

"அதுக்குத்தான் வழி இல்லையே. சும்மா பிடிவாதம் பிடிச்சு அங்க கிடந்து என்ன செய்யப் போறாய்?"

அப்பாவின் குரலில் கோபம் இல்லை, களைப்பு. இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு ஓம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், வந்தது.

அப்போது அம்மா, "இஞ்சாருங்கோ, அந்தப் போனைத் தாங்கோ" என்றார். அப்பாவை அவர் இடைமறித்து நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, நான் உன்ர தம்பியைப் பொய்யனாக்கிப் போட்டன். அந்த ஐயாவுக்கு முன்னால எனக்கு வாய் வரேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ஏலாமல் இருக்கு. வெளிக்கிட ஏலாமல் இருக்கு. நீ இல்லாமல் எனக்கு இஞ்ச ஏலாது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கும் இது புதிதென்று முகத்தில் தெரிந்தது. எனக்கு அழாதேங்கோ அம்மா என்று சொல்லத்தான் வாய் உன்னியது. சொல்லவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா."

"என்னத்தை?"

"இப்ப சொன்னதை. சத்தமா."

சொன்னார். இரண்டாம் முறை குரல் உடையவில்லை.

"நாளைக்கு இதை அப்பிடியே டொக்டரிட்டச் சொல்லுங்கோ. பிறகு லோயரிட்ட. பிறகு எந்தக் கோட்டில கேட்டாலும்."

"வெக்கமா இருக்குப் பிள்ளை."

"எனக்கும்தான் அம்மா. எனக்கும் இஞ்ச தனிய ஏலாமல்தான் இருக்கு."

என் வாயால் இதை நான் முதல் முறை கேட்கிறேன். கடைசியில் அப்பா எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 13

அம்மா வைத்தியரிடம் சொல்லிவிட்டார். தம்பி மொழிபெயர்த்தானாம். வைத்தியர் எல்லாவற்றையும் பதிந்து, அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஞானேந்திரன் ஐயா எடுத்தார். மேல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், ஆனால் புதுச் சாட்சியத்தை அங்கே எடுப்பது கஷ்டம். அதனால் அம்மாவின் வாக்குமூலத்தோடு புது விண்ணப்பமும் போட வேண்டும் என்றார். இரண்டையும் போடச் சொன்னேன்.

"திரும்பவும் தள்ளுபடி ஆகலாம் தங்கச்சி. அதையும் யோசிச்சுக்கொள்ளும்."

"தள்ளுபடி ஆனால் திரும்பவும் போடுவம் ஐயா."

அவர் சிரித்தார். பிறகு புது விண்ணப்பத்துக்கு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினார். முழுப்பெயர், பிறந்த திகதி, தொழில். தெரிந்ததையே கேட்கிறாரே என்று நானும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அங்க இருக்கிறவைக்கு நீர் என்ன முறை?"

"மகள்" என்றேன். "பெரிய எழுத்தில போடுங்கோ."